தலையாட்ட வைத்த பாட்டு

திருநின்றவூர்,
8.9.2024, ஞாயிறு

ஈசு,

கவரின் மேல் இருக்கும் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததுமே யார் என்று கண்டுபிடித்திருப்பாய். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி. பிப்ரவரியிலிருந்து என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். விக்டோரியா அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வேறு வழியில்லாமல் போஸ்ட் ஆபீசுக்குப் போய் ஸ்டாம்ப் வாங்கினேன். கவுண்டரில் இருந்த அம்மா, "இன்னாம்மா, வேலைக்கு அப்ளிகேசனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத்தான் பொய் என்றால் உடனே வருமே.

இப்போது அக்காவின் ஃபிளாட்டில் இருக்கிறேன். கம்பெனி என்னை லைனிலிருந்து எடுத்து இரண்டு மாத ஜப்பானிய மொழி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறது. தினமும் காலை ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறேன். அக்டோபர் 20 அன்று விமானம். ஜப்பானில் இருக்கும் தலைமைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் பயிற்சி. நம் கம்பெனியின் சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பில் எல்லாத் தேர்விலும் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள் நீ. உன் கை அடிபட்டதால் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள். அதை நான் மறக்கவில்லை.

உன் கை எப்படி இருக்கிறது? இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

போன வாரம் ஆரோக்கியமேரி மேடம் ஜப்பான் பாட்டு வகைகளைப் பாடமாகவே எடுத்தார். நீயும் நானும் கம்பெனி பஸ்ஸில் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் அவர் போர்டில் கட்டம் போட்டு எழுதினார். ஐடல் பாட்டு என்றால் ஒரே சீருடையில் இருபது பெண்கள், ஆளுக்கு ஒரு வரி, கூட்டம் அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தும். சிட்டி பாப் என்றால் எண்பதுகளில் ஊர் செழிப்பாக இருந்த காலத்துப் பாட்டு, கடலோரம் கார் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி அடியில் பேஸ் கிடார் உருண்டுகொண்டே வரும். நாம் இருவரும் சண்டையில்லாமல் கேட்டது அது ஒன்றுதான். அப்புறம் என்னுடைய கம்ப்யூட்டர் குரல் பாட்டு. பாடுவதற்கு ஆளே கிடையாது, மனிதர் மூச்சுவிட்டுப் பாட முடியாத வேகம். கடைசியில் உன்னுடைய என்கா. துறைமுகம், மழை, மது, விட்டுவிட்டுப் போனவன். குரல் நடுவில் உடைந்து, வளைந்து, மேலே ஏறும்.

என்காவைப் போட்டதும் வகுப்பே சிரித்தது. முன்பு நானும் சிரித்தவள்தான். "இன்னாடி இது, சாவு ஊட்ல உக்காந்துகினு கீறா மாதிரி கீது" என்று நான் சொன்னதும், "உன் பாட்டு மட்டும் இன்னாவாம், மிக்சியில மொளகா அரைக்கிறா மாதிரி கீது" என்று நீ திருப்பிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இப்போது ரயிலில் என்காதான் கேட்கிறேன். என் பாட்டு எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. இரண்டு வரியாவது எழுது, திட்டியாவது எழுது.

சுகி


கவரைப்பேட்டை,
14.9.2024

சுகிர்தா,

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கின்றன. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுகிறேன். நான்கு வரிக்கு ஒரு தடவை கையை உதற வேண்டியிருக்கிறது. அதனால் எனக்கு உன்னைப் போலச் சுற்றி வளைத்து எழுத வராது.

என்னைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். என் பிரஸ் மெஷினில் இப்போது ஏஞ்சலின் நிற்கிறாள். ஐடல் கூட்டத்தில் ஒருத்தி போனால் அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்துவார்களே, அதுபோல.

நீ போன பிறகு கேன்டீன் சுவரில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். மெஷின் படம், கை படம், கீழே ஒரு வரி. திங்கட்கிழமை தோறும் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிறுத்தி அந்த வரியைச் சத்தமாகப் படிக்கிறார்கள். "மெஷின் நின்றதற்கான உறுதியைப் பெறாமல் ஆபரேட்டர் கையை உள்ளே விட்டார்." பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? நூற்று நாற்பது பேரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் அம்மாவே நம்பிவிட்டாள். "கொஞ்சம் கெவனமா இருந்துகினு இருக்கலாமில்ல" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள்.

நான் உறுதியைப் பெற்றேன். உன்னைப் பார்த்தேன், நீ தலையாட்டினாய், கையை விட்டேன். விசாரணையில் நீ "இல்ல சார், நான் தலையாட்டல" என்றாய்.

ஒரே கேள்வி. ஆட்டினாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. பாட்டுக் கதை வேண்டாம்.

ஈஸ்வரி


திருநின்றவூர்,
18.9.2024

ஈசு,

ஆட்டினேன்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். அதோடு நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அதனால் எழுதுகிறேன், திட்டிக்கொண்டே படி.

நான் உனக்குத் தலையாட்டவில்லை. பாட்டுக்கு ஆட்டினேன்.

பிப்ரவரி 15. கேட்டில் ஒரு போனைக் கொடுத்துவிட்டு, பழைய போனை ஓவர்கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தொப்பிக்குள் இடது காதில் ஒரு இயர்பட். மாட்டினால் அன்றே வேலை போய்விடும் என்று தெரியும். ஒரு வாரமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ரூல் என்ன? மெஷினில் வயர் சிக்கினால் நீ மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும். விளக்கு எரியும், ட்யூன் அடிக்கும். லீடரான நான் உன் மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு வலது கையை உயர்த்த வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நீ உள்ளே கை விடலாம். நாம் கையை உயர்த்துவதை விட்டு மாதக்கணக்காகிவிட்டது. என் கையில் எப்போதும் ட்ரே. அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. நான் சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையாட்டுவேன், நீ கையை விடுவாய். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை அப்படித்தான் ஓடியது.

அன்று என் காதில் ஓடியது கம்ப்யூட்டர் குரல் பாட்டு. அதன் நடுவில் வரும் டிங் டிங் சத்தமும் கயிறு இழுத்தால் வரும் ட்யூனும் ஒரே ஜாதி. ட்யூன் காதில் விழுந்ததா, விழுந்தும் பாட்டின் சத்தம் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. நீ பார்த்தபோது நான் உன் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். ஆனால் உன்னைப் பார்க்கவில்லை. தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. நீ கத்திய பிறகுதான் பார்த்தேன்.

இத்தனை மாதம் அதையே யோசித்துப் பார்க்கிறேன். அன்று உன் என்கா ஓடியிருந்தால் என் தலை ஆடியிருக்காது. என்காவுக்கு யார் தலையாட்டுவார்கள், கண்ணை மூடத்தான் தோன்றும். சிட்டி பாப் என்றால் தோள் அசையும். ஐடல் பாட்டுக்குக் கை தட்டத் தோன்றும், கையில் ட்ரே இருந்தது. என் பாட்டு ஒன்றுதான் கழுத்தைப் பிடித்து ஆட்டும். பஸ்ஸில் நீ சொன்னபோதே அந்தப் பாட்டை விட்டிருக்கலாம்.

விசாரணையில் மேனேஜர் துளசிராமன் சார், "நீ தலையாட்டினியாம்மா?" என்று கேட்டபோது, ஆட்டினேன் என்றால் ஏன் சுவிட்சை அணைக்கவில்லை என்பார், அதற்குப் பதில் சொன்னால் இயர்பட் வெளியே வரும், வேலை போகும் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. இல்லை என்று சொல்லிவிட்டேன். மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

சுகி


கவரைப்பேட்டை,
24.9.2024

சுகிர்தா,

பாட்டின் தலையில் பழியைப் போடாதே. என்கா ஓடியிருந்தால் கண்ணை மூடியிருப்பேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற லீடரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? எந்தப் பாட்டு என்பது கேள்வியே இல்லை. காதில் இருந்தது, அவ்வளவுதான்.

என்கா எனக்கு ஏன் பிடிக்கும் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஒகாவா சான் ஒரு தடவை கேன்டீனில் அர்த்தம் சொன்னார். ஜப்பானிலிருந்து நம் கம்பெனிக்கு ஆலோசகராக வந்த மனுஷர், ஊரில் இருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டே பாடுவார். அந்தப் பாட்டில் தப்பு செய்தவன், ஆமாம் நான்தான் செய்தேன் என்று நின்று நிதானமாகப் பாடுகிறான். அழுது முடித்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போகிறான். உன் பாட்டில் ஒரு வரி மனதில் இறங்குவதற்குள் பத்து வரி ஓடிவிடுகிறது. உனக்கு அதுதான் பிடிக்கும். எதற்கும் நிற்க வேண்டாம் பார்.

நீ எழுதியதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

என்னை கம்பெனி ஆம்புலன்சில் ஏற்றியபோது நீயும் ஏறினாய். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அழுதாய். அப்போது உன் காதிலிருந்து அது என் கழுத்தில் விழுந்தது. இடது கை நன்றாகத்தானே இருந்தது, எடுத்து மூடிக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அது பாடிக்கொண்டே இருந்தது. அந்த மிக்சிப் பாட்டு. வலது கையில் உயிர் போகிற வலி, இடது கையில் அந்தப் பாட்டு. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் வரை கையைத் திறக்கவில்லை. நர்ஸ் ஈஸ்டரம்மா அதைப் பர்சில் போட்டுக் கொடுத்தார்.

விசாரணையில் அது என் பர்சில்தான் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வைக்கவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். சார் கேட்டதும், சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். நீ இல்லை என்றாய். எனக்கு அந்த மெஷின் செய்ததைவிட இதுதான் வலித்தது. உன் பெயர் ஜப்பான் லிஸ்டில் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசல் வரை போனேன். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரும் சேர வேண்டுமா என்று திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதி என்ன பயன்? எங்கே இல்லை என்று சொன்னாயோ, அங்கே போய் ஆமாம் என்று சொல்.

ஈஸ்வரி


திருநின்றவூர்,
29.9.2024, ஞாயிறு

ஈசு,

உன் கடிதத்தை நான்கு நாளாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். இயர்பட் லைனில் எங்கேயோ விழுந்து குப்பையோடு போய்விட்டது என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "இப்ப போய் சொல்லி இன்னா ஆவப்போது? அவளுக்கு வெரலு மொளைக்கப் போதா?" என்கிறாள். அப்பா அத்திப்பட்டு பவர் பிளான்டில் இருபது வருடமாகக் கான்ட்ராக்டில் சாம்பல் அள்ளுகிறார். தன் பெண் விமானம் ஏறப் போகிறாள் என்று ஷிஃப்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டார். போன ஞாயிறு சர்ச்சில் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் வேறு. நான் முழங்காலில் நின்றுகொண்டு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

கோபப்படாமல் கேள். ஜப்பான் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து துளசிராமன் சாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ஆறு மாதம் போகட்டும், அதற்குள் அங்கே ஒரு இடம் கிடைத்துவிடும். உன் பெயரும் சுத்தமாகும், எங்கள் வீடும் பிழைக்கும். சத்தியமாக எழுதுவேன். இப்படிக் கேட்பது தப்பு என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சுகி


கவரைப்பேட்டை,
3.10.2024

சுகிர்தா,

ஆறு மாதம் என்றால் இருபத்தாறு திங்கட்கிழமை. நான் எண்ணிப் பார்த்தேன், உனக்கு எண்ணத் தோன்றவில்லை.

அந்த இயர்பட்டை இந்தக் கவருக்குள்ளேயே வைத்துத் தைத்து அனுப்புகிறேன். அதை வைத்துக்கொண்டு உன்னை மிரட்டுகிறேன் என்று நீயோ உன் அக்காவோ நினைக்க வேண்டாம். இனி என் கையில் ஒன்றும் இல்லை. அன்று நடந்ததற்கு உன்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நிம்மதியாகப் போய் வா. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஈஸ்வரி


மீஞ்சூர்,
8.10.2024

ஈசு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்று கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனிக்கு வந்தேன். வேண்டுமென்றேதான் மத்தியானம் வந்தேன். காலையில் வந்திருந்தால் அந்த வரியைப் படிக்கும்போது உன் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நேராகத் துளசிராமன் சார் அறைக்குப் போனேன். ஒகாவா சானும் அங்கே இருந்தார். இயர்பட்டை மேஜைமேல் வைத்தேன். ஜப்பானிய மொழியில் சொல்வதற்கு ரயிலிலேயே வரி வரியாக மனப்பாடம் செய்திருந்தேன், வாயைத் திறந்ததும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. தமிழில் சொன்னேன்.

"ஏம்மா, ப்ளேன் ஏற ரெண்டு வாரம்கூட இல்ல. இப்ப இன்னாத்துக்கும்மா இத்த எடுத்துக்கினு வந்த?" என்றார் சார்.

"ஒவ்வொரு திங்கக்கெழமயும் நீங்க படிக்கிறது பொய்யி சார்" என்றேன்.

அவர் ஒகாவா சானுக்கு எடுத்துச் சொன்னார். ஒகாவா சான் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார், நான் வெளியே வரும்வரை திரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். வேலையும் போயிற்று, ஜப்பானும் போயிற்று.

இங்கே வீட்டில் நான் சொல்லி முடித்ததும் அப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இரவு ஷிஃப்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார். மிட்டாய் வாங்கியவர்கள் கேட்பார்களே, என்ன சொல்வாரோ. அக்கா என்னைத் தன் ஃபிளாட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டால் மனது லேசாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. உன் கையை நினைத்தால் அப்படியேதான் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் போல.

சுகி


கவரைப்பேட்டை,
14.10.2024, திங்கள்

சுகி,

இன்று காலை படித்தார்கள்.

ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலைகூட இன்னும் அவிழ்க்கவில்லை. துளசிராமன் சார் புதுத் தாளைப் பிரித்தார். "லைன் லீடர் தடை செய்யப்பட்ட இயர்பட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாட்டுக்குத் தலையாட்டியதை, மெஷின் நின்றதற்கான உறுதி என்று ஆபரேட்டர் எடுத்துக்கொண்டார்." ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. ஏஞ்சலின் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எட்டு மாதமாகக் காத்திருந்த நிமிடம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மதியம் கேட்டில் போனை வாங்கி அம்மாவிடம் சொன்னேன். அவள் "சாப்டியா?" என்றாள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் காலை நாஷ்டா வரைக்கும்தான் முழுசாக இருந்தது. கேன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "இன்னா பொம்பளடி அவ, பாட்டு கேட்டுக்கினு ஒருத்தி வெரல துன்னுட்டா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு இல்லை. நானே உன்னை அதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் அவள் யார் உன்னைத் திட்டுவதற்கு? இட்லியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. கையை உயர்த்துவதை நாம் விட்டோம் என்று நாம் நாம் என்றே எழுதியிருந்தாய். அதை ஆரம்பித்தது யார் என்று உனக்கு மறந்திருக்காது. "ட்ரேய வெச்சிட்டு வெச்சிட்டு கைய தூக்கினு இருந்தா டார்கெட் எப்படி முடியறது, தலையாட்டு போதும்" என்று சொன்னது நான். நீ முதலில் பயந்தாய், நான்தான் சிரித்துச் சமாளித்தேன். விசாரணையில் அதை நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயும் சொல்லவில்லை. உன் இரண்டு பக்கத்திலும் அது இல்லை என்று சார் காட்டினார். நீ மறைத்தது பெரிசு, நான் மறைத்தது சின்னது என்று எட்டு மாதம் உன்னைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் சாரிடம் போனேன்.

"சார், இன்னொரு வரி சேக்கணும். கைய தூக்குற ரூல உட்டது ரெண்டு பேரும்தான். மொதல்ல சொன்னது ஆபரேட்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இப்பதான்மா உன் பேரு சுத்தமாச்சி. உன் வாயாலயே கெடுத்துக்கிறியா?"

"எழுதுங்க சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உன் வரிக்குப் பின்னாலேயே என் வரியும் வரும். மறுபடி எல்லோரும் என் கையைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உன்னைத் தனியாக நிறுத்தி அவர்கள் படிப்பதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

ஈசு